கொமாவில் வெட்டினால் போதுமா? குழம்பிய பட்டியலை ஜாவாஸ்கிரிப்டில் பதிவுகளாக்கும் வழிகள்

கோவில் திருவிழாவுக்கு உபயகாரர் பட்டியல், பழைய மாணவர் சங்கத்துக்கு அங்கத்தவர் பட்டியல், சனசமூக நிலையத்தின் மருத்துவ முகாமுக்குப் பெயர் பதிந்தவர்களின் பட்டியல். யாழ்ப்பாணத்தில் கணினி வேலை தெரிந்த ஒருவரிடம் இந்த மூன்றில் ஒன்று எப்படியும் வந்து சேரும். "தம்பி, எல்லாம் வட்ஸ்அப்பில கிடக்குது, ஒழுங்கா எடுத்துத் தாரும்" என்று சொல்லி அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் இப்படி இருக்கும்:

சி. கணேசலிங்கம், 14/2, கோவில் ஒழுங்கை, கொக்குவில் கிழக்கு, 077 000 0000, 5,000/=
செல்வராணி - இணுவில் - 0770000000 - 2500
3) கௌரி அக்கா (கனடா) +1 416 000 0000 / 100 டொலர்
யோகராசா குடும்பம், சுன்னாகம், போன் இல்லை, 1000 ரூபா கையில் தந்தது

நான்கு வரி, நான்கு கை. வாசிக்கிற எவருக்கும் இதில் சிக்கல் இல்லை. பெயர் எது, ஊர் எது, காசு எது என்று பார்த்தவுடன் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழிக்குத் தெரியாது. இதைப் பெயர், முகவரி, தொலைபேசி, தொகை என்ற புலங்கள் கொண்ட பதிவுகளாக்க நான்கு வழிகளை நான் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன்: ஸ்பிளிட்டால் வெட்டுவது, ரெஜெக்ஸ் என்ற வடிவத் தேடலால் பிடிப்பது, பாபா பார்ஸ் போன்று வேறொருவர் எழுதி வைத்த லைப்ரரியிடம் கொடுப்பது, எழுத்தெழுத்தாக வாசித்துப் பிரிக்கும் பார்சரை நாமே எழுதுவது. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோப்பை உண்டாக்கியது மெஷினா, மனிதரா? என்னுடைய தேர்வு முழுக்க அந்தப் பதிலைப் பொறுத்தது.

ஸ்பிளிட்

ஒரே வரியில் முடிகிற வேலை என்பதால் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறோம். மேலே உள்ள முதல் வரியைக் கொமாவில் வெட்டிப் பாருங்கள். நான்கு துண்டு வரவேண்டிய இடத்தில் ஏழு வரும். வீட்டு இலக்கம் ஒரு துண்டு, ஒழுங்கை ஒரு துண்டு, ஊர் ஒரு துண்டு, கடைசியில் ஐயாயிரம் ரூபா 5 என்றும் 000/= என்றும் இரண்டாக உடைந்து கிடக்கும். சரி, கொமா வேண்டாம், சாய்கோட்டில் வெட்டலாம் என்றால் 14/2 உடையும். எங்கள் பாடசாலைகளின் பெயருக்கு முன்னால் வருகிற 'யா/' உடையும். கிராம அலுவலர் பிரிவை 'ஜே/' போட்டு எழுதியிருந்தால் அதுவும் உடையும். பத்திரம், பற்றுச்சீட்டு, கடைக் கணக்கு எல்லாவற்றிலும் தொகைக்குப் பின்னால் /= போட்டுப் பழகிய ஊர் இது. இங்கே சாய்கோட்டைப் பிரிகுறியாக நம்ப முடியாது.

இன்னொரு பொறி, பைத்தான் பழகிவிட்டு வருபவர்களுக்கு. பைத்தானில் எத்தனை தடவை வெட்டலாம் என்று எல்லை வைத்தால் மிச்சம் முழுவதும் கடைசித் துண்டில் பத்திரமாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பிளிட்டுக்கு எல்லை 2 என்று கொடுத்தால் முதல் இரண்டு துண்டைத் தந்துவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும். வெற்று வரியை வெட்டினால் வெற்று அணி (துண்டுகளின் வரிசை) வராது. வெற்றுச் சரம் (எழுத்துத் தொடர்) ஒன்றை வைத்திருக்கும் அணி வரும், அதாவது பெயரில்லாத ஒரு ஆள் பட்டியலில் முளைப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனசமூக நிலையம் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்குப் பட்டியல் செய்து கொடுத்தேன். கொமாவில் வெட்டி, மூன்றாம் துண்டு தொலைபேசி என்று வைத்து, அங்கே இலக்கம் இல்லாத வரிகளை ஃபில்டரால் கழித்தேன். ஒரு அம்மாவின் முகவரியில் வீட்டு இலக்கத்துக்குப் பின்னால் ஒரு கொமா இருந்தது. அந்த ஒரு கொமாவால் மூன்றாம் துண்டில் ஒழுங்கையின் பெயர் வந்து நின்றது, வரி போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. காலையிலேயே பஸ் ஏறி வந்தவர், பெயர் இல்லை என்று சொல்லப்பட்டு மத்தியானம் வரை வாங்கிலேயே இருந்தார். எல்லோரும் போன பிறகு டொக்டர் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஃபில்டரை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இந்தக் கட்டுரையில் நான் எதை எதோடு ஒப்பிட்டாலும், 'எந்த வழியில் ஒரு வரி சத்தமில்லாமல் காணாமல் போகும்' என்பதுதான் என் முதல் அளவுகோல். அந்த அளவில் ஸ்பிளிட் கடைசி இடம்.

ஆனாலும் அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எக்செலில் இருந்து நேரே கொப்பி பண்ணி ஒரு பெட்டியில் ஒட்டுகிறார்கள் என்றால் இடையில் வருவது டாப். பெயரிலோ முகவரியிலோ யாரும் டாப் அடிப்பதில்லை. கலத்துக்குள் வரி உடைத்து எழுதாதவரை, அங்கே டாப்பில் வெட்டுவது போதும்.

லைப்ரரி

மெஷின் எழுதிய கோப்பென்றால் கேள்வியே வேண்டாம், லைப்ரரி. கூகுள் ஃபோர்மில் இருந்தோ எக்செலில் இருந்தோ வருகிற சிஎஸ்விக்கு, அதாவது புலங்களைக் கொமாவால் பிரித்த கோப்புக்கு, விதி உண்டு. 2005 ஒக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் அதை எழுதி வைத்திருக்கிறது: புலத்துக்குள் கொமாவோ, வரிமுறிவோ, இரட்டை மேற்கோளோ இருந்தால் முழுப் புலத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், உள்ளே வரும் மேற்கோளை இரண்டாக்க வேண்டும். ஃபோர்மில் முகவரியை மூன்று வரியாக எழுதுபவர்கள் ஏராளம். கோப்பை முதலில் வரி வரியாக வெட்டிவிட்டுப் பிறகு கொமாவில் வெட்டும் கோட் அங்கேயே ஒரு ஆளை மூன்று ஆளாக்கிவிடும். லைப்ரரிக்கு இது சாதாரண விஷயம்.

பாபா பார்ஸ் பிரவுசரில் ஓட நல்லது. பிரிகுறி என்னவென்று தானே ஊகிக்கும், பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கும். பிரிகுறியை ஊகிப்பது எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பட்டியல்கள் இங்கிருந்து மட்டும் வருவதில்லை. நோர்வேயிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தசமத்துக்குக் கொமா போடுவார்கள். அதனால் அந்த நாட்டு அமைப்பில் உள்ள எக்செல், சிஎஸ்வியை அரைப்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும். ஒஸ்லோவில் இருக்கும் பொருளாளரின் கோப்பும் கொக்குவிலில் இருக்கும் செயலாளரின் கோப்பும் ஒரே பெயரில், ஒரே தலைப்புகளோடு, வேறு வேறு பிரிகுறியில் வரும்.

பிரவுசருக்கு வெளியே, நோடில் ஓடுவதென்றால் சிஎஸ்வி-பார்ஸ் இருக்கிறது. இரண்டுக்கும் குணத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, தேர்வு செய்யும்போது அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வரியில் புலங்களின் எண்ணிக்கை மாறினால் சிஎஸ்வி-பார்ஸ், தளர்த்தச் சொல்லாதவரை, பிழை காட்டி நின்றுவிடும். பாபா பார்ஸ் நிற்காது. தலைப்பு வரி இருப்பதாகச் சொல்லியிருந்தால் குறைந்த புலம், கூடின புலம் என்று குறித்து 'எரர்ஸ்' என்ற அணியில் போட்டுவிட்டுத் தன்பாட்டில் போகும். தலைப்பு இல்லாமல் ஓட்டினால் அந்தச் சரிபார்ப்பும் நடக்காது. அந்த எரர்ஸ் அணியைத் திறந்தே பார்க்காத கோடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பாபா பார்ஸ் எடுத்தால், அந்த அணி காலியாக இல்லாத கோப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: தானாக வகை மாற்றும் வசதியை, டைனமிக் டைப்பிங் என்பதை, இயக்கவே வேண்டாம். 077இல் தொடங்கும் தொலைபேசி இலக்கம் எண்ணாக மாறியவுடன் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும். எல்லாவற்றையும் சரமாகவே எடுத்து, எது எண் என்பதைப் பிறகு நீங்கள் தீர்மானியுங்கள்.

லைப்ரரியால் திருத்த முடியாத சேதமும் உண்டு. அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016 முதல் வருகிற புதிய முறையில் 12 இலக்கம், எழுத்து இல்லை. எக்செல் சாதாரணக் கலத்தில் 12 இலக்கத்தைக் கண்டால் 1.98ஈ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், காட்டியதுதான் கோப்பில் போகும், மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான். தமிழ்ப் பெயர்களை 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுக்காமல் வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தாலும் இதே கதை, பெயர் முழுவதும் கேள்விக்குறியாக நிற்கும். இப்படி வந்த கோப்பைத் திருத்த முயலாதீர்கள். மூலக் கோப்பைத் திரும்பக் கேளுங்கள்.

பாமினியில் அடித்த பட்டியல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கட்டுரை எதிலும் இது இருக்காது. எங்கள் பக்கத்தில் பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில விசைகளின் எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டும், அவ்வளவுதான். அதில் 'இ' என்ற எழுத்து கொமாவாகவும், மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்பட்டிருக்கும்.

இதன் பொருளை யோசியுங்கள். கொமாவில் வெட்டினால் இணுவிலும் இராசரத்தினமும் முதல் எழுத்தை இழப்பார்கள். அரைப்புள்ளியில் வெட்டினால் குற்று உள்ள ஒவ்வொரு சொல்லும் சிதறும், 'யாழ்ப்பாணம்' மட்டும் நான்கு துண்டாகும். பிரிகுறியை ஊகிக்கும் லைப்ரரியும் இங்கே ஏமாறலாம், ஏனென்றால் கோப்பில் அரைப்புள்ளிதான் எங்கும் நிறைந்திருக்கும்.

அவசரப்பட்டு முதலில் யூனிகோடாக (உண்மையான தமிழ் எழுத்தாக) மாற்றிவிட்டுப் பிறகு வெட்டுவோம் என்றாலும் சரிவராது. மாற்றும் கருவி பிரிகுறியாக நிற்கும் உண்மையான கொமாவையும் சேர்த்து 'இ' ஆக்கிவிடும். நான் செய்வது இதுதான்: எக்செலில் இருந்தால் டாப் பிரிகுறியாகச் சேமிக்கச் சொல்வேன். சிஎஸ்வியாகத்தான் கிடைத்தது என்றால், பிரிகுறி கொமா என்று வெளிப்படையாகச் சொல்லி லைப்ரரியால் புலங்களாகப் பிரித்த பிறகு, பெயரும் முகவரியும் உள்ள புலங்களை மட்டும் யூனிகோடாக்குவேன். 'இ' உள்ள புலங்களை எக்செல் மேற்கோளுக்குள் வைத்திருக்கும் என்பதால் லைப்ரரி அவற்றை உடைக்காது. ஸ்பிளிட்டுக்கு இந்த நுணுக்கம் தெரியாது.

ரெஜெக்ஸ்

மனிதர் தட்டிய வரிகளுக்கு வருவோம். மேலே உள்ள நான்கு வரியையும் எந்தச் சிஎஸ்வி லைப்ரரியிடம் கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அவை சிஎஸ்வியே இல்லை. இங்கே ரெஜெக்ஸ் வேண்டும். ஆனால் முழு வரியையும் ஒரே ரெஜெக்ஸால் பிடிக்கப் போகாதீர்கள். 'பெயர், பிறகு பிரிகுறி, பிறகு ஊர், பிறகு இலக்கம்' என்று நீளமாக எழுதியது முதல் நூறு வரிக்குப் பிடிக்கும், நூற்றோராவது வரியில் விழும். அதைத் திருத்தத் திருத்த எழுதியவருக்கே வாசிக்க முடியாததாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக 'ஒன்று அல்லது பல' என்று அடுக்கினால், பொருந்தாத ஒரு நீண்ட வரியில் பிரவுசரே உறைந்து நிற்கும்.

தமிழுக்கு ரெஜெக்ஸ் எழுதும்போது இரண்டு விஷயம். சொல்லெழுத்து என்று பொருள்படும் சுருக்கக்குறி ஆங்கில எழுத்தையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும்தான் பிடிக்கும், தமிழைத் தொடாது. சொல்லெல்லைக் குறியும் அப்படித்தான். யூனிகோட் கொடியைப் போட்டு, 'எழுத்து' என்ற யூனிகோட் வகையைக் கேட்க வேண்டும். அதுவும் போதாது. காலும் கொம்பும் விசிறியும் குற்றும் எழுத்து என்ற வகையில் வராது, 'குறி' என்ற வகையில் வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்காவிட்டால் 'செல்வராணி' முதல் கொம்பிலேயே அறுந்துவிடும். யாழ்ப்பாணம் என்பது நமக்கு ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு நீளம் 11.

இரண்டாவது, ஒரே பெயர் இரண்டு விதமாகத் தட்டப்பட்டிருப்பது. 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் சமனில்லை. நார்மலைஸ் செய்து என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் கௌரி என்பதை யாராவது கொம்புக்குப் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டி எழுதியிருந்தால் நார்மலைஸ் அதைத் தொடாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதற்கென்று தனி விதி எழுத வேண்டியிருக்கும்.

நாமே எழுதும் பார்சர்

சிஎஸ்விக்காக எழுதப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். மேற்கோளுக்குள்ளா வெளியிலா என்று நினைவில் வைத்து எழுத்தெழுத்தாக வாசிப்பது நல்ல பயிற்சி, மாணவர்களுக்கு நானே கொடுத்திருக்கிறேன். வேலைக்கு லைப்ரரி இருக்கிறது.

மனிதர் தட்டிய வரிக்கோ நாமே எழுதுவதுதான் சரி, ஆனால் இடமிருந்து வலமாக அல்ல. வரியில் எங்கே நின்றாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் புலங்கள் சில உண்டு. அவற்றை முதலில் பிடுங்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பார்ப்பது. இதற்குச் சின்னச் சின்ன ரெஜெக்ஸ்கள் போதும், ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும்.

முதலில் துப்புரவு. நார்மலைஸ், பிறகு கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். ட்ரிம் வெற்றிடங்களையும் கோப்பின் தொடக்கத்தில் வரும் பொம் குறியையும் நீக்கும், பூச்சிய அகல இடைவெளியை நீக்காது. வட்ஸ்அப்பில் இருந்து கொப்பி பண்ணிய இலக்கங்களோடு எழுத்தோட்டத் திசைக்குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இவற்றை எடுக்க வேண்டும். ஆனால் பட்டியலில் சிங்களப் பெயர்களும் இருந்தால் எல்லா மறை எழுத்தையும் ஒரேயடியாகக் கழிக்காதீர்கள், சிங்களக் கூட்டெழுத்துகளுக்கு அவற்றில் ஒன்றான இணைப்புக்குறி தேவை. நாங்கள் எடுத்துவிட்டால் அவர்களுடைய பெயர் சிதைந்துவிடும்.

அடுத்து தொலைபேசி. இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கினால் 07 அல்லது 021இல் தொடங்கும் 10 இலக்கம், அல்லது 94இல் தொடங்கும் 11 இலக்கம், அல்லது கூட்டல் குறியோடு வெளிநாட்டு இலக்கம். அடையாள அட்டை 12 இலக்கம், அல்லது 9 இலக்கமும் எழுத்தும். நீளத்தாலும் கூட்டல் குறியாலும் பிரிந்து நிற்கும், ஒன்றோடொன்று குழம்பாது. பிறகு தொகை: /=, ரூபா, டொலர் போன்ற அடையாளம் உள்ளதை முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் வரியின் கடைசியில் தனியாக நிற்கும் எண். கொமாவை நீக்கிய பிறகே எண்ணாக்குங்கள். சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்டிடம் '5,000' கொடுத்தால் 5 என்று தரும், அதே வேலைக்கான நம்பரிடம் கொடுத்தால் எண் அல்ல என்று சொல்லும், நம்பரிடம் வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் 0 தரும். இந்த மூன்றில் நடுவில் உள்ளது மட்டுமே நேர்மையான பதில். தொகை எழுதாதவரும் பூச்சியம் தந்தவரும் ஒருவரல்ல.

இவற்றை எடுத்த பிறகு மிஞ்சுவது பெயரும் முகவரியும். எங்கள் ஆட்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள், அதனால் முதல் பிரிகுறி வரைக்கும் பெயர். புள்ளியைப் பிரிகுறியாக எடுக்காதீர்கள், 'சி. கணேசலிங்கம்' இரண்டு ஆளாவார். மிச்சம் முழுவதும் முகவரி, அதை மேலும் உடைக்க வேண்டாம். ஊர் வாரியாக அடுக்கத்தான் வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து முகவரிக்குள் தேடுங்கள். சுன்னாகம், சுண்ணாகம் இரண்டையும் அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த திகதி இருந்தால் அதையும் சரமாகவே உடைத்து நாள், மாதம், ஆண்டு என்று எடுங்கள். 03/04/1985 நமக்கு ஏப்ரல் 3. ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் அப்படியே கொடுத்தால் அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டு முதலில் வரும்படி 1985-04-03 என்று கொடுத்தாலோ அதை உலக நேர நள்ளிரவாக எடுக்கும். இங்கே திறந்தால் சரியாகத் தெரியும், ரொறன்ரோவில் இருக்கும் அங்கத்தவர் திறந்தால் ஏப்ரல் 2 என்று தெரியும்.

ஏஐயிடம் ஒட்டிக் கேட்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பத்து வரிக்கு அழகாகப் பிரித்துத் தரும். என் தயக்கம் இரண்டு. பெயரின் எழுத்தைத் தானாகத் 'திருத்தி' வைத்தால் நானூறு வரியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றது, அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் ஊராரின் சொத்து. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், கேட்காமல் அதை வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது. மாதிரி வரிகளைக் கொடுத்துப் பார்சரை எழுத உதவி கேட்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம்.

எந்த வழியில் போனாலும் விளைவு வடிவத்தை நான் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் வரி இலக்கம், வந்தபடியே மூல வரி, பிரித்த புலங்கள், சந்தேகங்களின் பட்டியல். சரிபார்க்க ஸொட் போன்ற லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்தினால், பிழை கண்டவுடன் எறியும் முறையை விட்டு, சரியா பிழையா என்று பதில் தரும் சேஃப்பார்ஸை எடுங்கள். சந்தேகம் உள்ள வரிகள் கழிக்கப்படுவதில்லை, 'பார்க்க வேண்டியவை' என்று தனித் தாளில் போகும். உள்ளே வந்த வரிகளின் எண்ணிக்கையும் இரண்டு தாளின் கூட்டுத்தொகையும் சமனாக இல்லாவிட்டால் புரோகிராம் கோப்பைத் தரவே தராது.

போன மாதம் இப்படி எடுத்த பட்டியலில், மேலே உள்ள முதல் மூன்றைப் போன்ற வரிகள் நேரே போயின. நான்காவதைப் போன்ற ஒன்று தனித் தாளில் நின்றது: தொலைபேசி இல்லை. அச்செடுத்துக் கொண்டுபோய் நிலையத் தலைவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரியைப் பார்த்தார். "இவை எங்கட கோவிலுக்குப் பின்னால இருக்கிறவை தம்பி. போன் என்னத்துக்கு, நான் பின்னேரம் போய்ச் சொல்லுறன்" என்றவர், பேனையை எடுத்துக் குறிப்புப் புலத்தில் 'நேரில்' என்று எழுதினார்.